கொழும்புக்கு வேலைக்குப் போகும் கிழக்குப் பிள்ளைகள் சறுக்கும் இடங்கள்

களுவாஞ்சிக்குடியிலோ அக்கரைப்பற்றிலோ இரவு பஸ் ஏறினால் விடியற்காலையில் புறக்கோட்டை. வேலையை ஒருவர் பார்த்துத் தருவார், அறையை இன்னொருவர் பார்த்துத் தருவார். இரண்டுக்கும் நடுவே எத்தனை பஸ் மாற வேண்டும் என்பதை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. சம்பளத்தில் ஒரு பங்கு றோட்டிலேயே போவது அதனால்தான்.

அறை என்றதும் வெள்ளவத்தைதான் வேண்டும் என்று நிற்பார்கள். கோயில், தமிழ்க் கடை, இடியப்பம் எல்லாம் காலடியில். வாடகையும் அதற்கேற்ற மாதிரித்தான். வேலை காலி வீதியை ஒட்டி என்றால் சரி, தெஹிவளையையும் சேர்த்துத் தேடுங்கள். வத்தளையிலோ பியகமவிலோ வேலை கிடைத்தவருக்கு வெள்ளவத்தையில் என்ன அலுவல்? அவர் ஹெந்தளை, மட்டக்குளி, கொட்டாஞ்சேனைப் பக்கம் பார்க்க வேண்டும். அங்கேயும் தமிழ் பேசுவோர் தாராளம். ஏறாவூர், சம்மாந்துறைப் பிள்ளைகளுக்கு மருதானை, தெமட்டகொடப் பக்கம் ஹலால் சாப்பாட்டுக்குக் குறையில்லை.

அடுத்தது, பேஸ்புக் படத்தைப் பார்த்து அட்வான்ஸ் அனுப்புவது. "இன்னும் நாலு பேர் கேக்கிறாங்க, இண்டைக்கே போடுங்க" என்று அவசரப்படுத்தினால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். ஒரு பஸ் டிக்கட் காசுக்கு நேரில் பார்த்துவிடலாம். போனால் தண்ணீர்க் குழாயைத் திறந்து பாருங்கள், குளியலறைக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள், சமைக்க விடுவார்களா என்பதையும் கேளுங்கள். சமைக்க முடியாத அறை மலிவாகத் தெரியும். மூன்று வேளையும் கடையில் சாப்பிட்டால் அந்த மலிவு எங்கே போனதென்றே தெரியாது.

கரண்ட் பில்லில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். வீட்டு மின்சாரத்துக்கு அலகு கூடக் கூட ஓர் அலகின் விலையும் ஏறும். நாலு அறைக்கும் ஒரே மீட்டர் என்றால், ஒரு ஃபேனும் ஒரு பல்பும் போடுகிற உங்களுக்கும் 180 அலகைத் தாண்டிய வீட்டின் விலை விழும். அறைக்கென்று தனி சப் மீட்டர் இருந்தால் குடிபுகும் அன்றே அது காட்டும் அலகைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். ஓர் அலகுக்கு எவ்வளவு எடுப்பார் என்பதையும் அதிலேயே கேட்டு வையுங்கள்.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன் எழுத வேண்டும் என்று 1840ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. போர்டிங் அறைக்கு யாரும் அவ்வளவு தூரம் போவதில்லை. அட்வான்ஸ் எவ்வளவு, எப்போது திரும்பக் கிடைக்கும், வெளியேற எத்தனை நாள் முன்னே சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வைத்தால் பிறகு வாய்ச்சண்டை குறையும். அடையாள அட்டைக் கொப்பி கொடுக்கும்போது குறுக்கே "வாடகை அறைக்கு மட்டும்" என்று எழுதிக் கொடுங்கள்.

வேலைப் பக்கம் வந்தால், "நிரந்தரமாக்கிய பிறகுதான் ஈ.பி.எப்." என்பதை நம்பிவிடாதீர்கள். ஈ.பி.எப். என்கிற ஊழியர் சேமலாப நிதி முதல் நாளிலிருந்தே உரியது. சம்பளத்தில் 8% உங்களிடம் பிடிப்பார்கள். முதலாளி 12% போட வேண்டும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ஈ.டி.எப்.) 3% வேறு. 40,000 ரூபா சம்பளக்காரருக்கு முதலாளி போடும் பங்கு மட்டும் மாதம் 6,000 ரூபா. கடை, அலுவலக வேலைக்கு நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. அதற்கு மேல் ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு. நியமனக் கடிதம் கேட்டு வாங்குங்கள். தராவிட்டாலோ, பிடித்த காசைக் கட்டாவிட்டாலோ தொழில் திணைக்களத்தில் தமிழிலேயே முறைப்பாடு கொடுக்கலாம். சேட்டிபிக்கட்டின் மூலப் பிரதியை "ஃபைலுக்கு" என்று கேட்கிற இடத்தில் காட்டுங்கள், கொடுக்காதீர்கள். வேலை தருவதற்கே காசு கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம்.

முதல் சம்பளம் கைக்கு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகலாம். அட்வான்சும் முதல் வாடகையும் போக ஆறு கிழமைச் சாப்பாட்டுக் காசு இல்லாமல் அறை எடுப்பது வீண் துணிச்சல். அதுவரை தங்கத்தான் கொட்டாஞ்சேனை மாமா வீடு மாதிரி ஒரு சொந்தக்காரர் வீடு. எத்தனை கிழமை என்று போகும் முன்னமே மாமியிடம் சொல்லிவிடுங்கள். மட்டக்களப்புத் தயிர்ச் சட்டியோடு கடமை தீர்ந்தது என்று இருந்துவிடாமல், கேஸ் முடிகிற மாதம் சிலிண்டரை நீங்கள் பிடித்துக் கொடுங்கள்.