புது கோச், தோல்வியே இல்லாத சீசன்: 2001 மயாமி டீம் பத்தி பேசுறப்ப பண்ணக்கூடாத தப்புகள்

அமெரிக்க காலேஜ் ஃபுட்பால் பாக்க ஆரம்பிச்சவங்க கொஞ்ச நாள்லயே வந்து மாட்டுற சண்டை ஒண்ணு இருக்கு, இதுவரைக்கும் வந்ததுலயே பெரிய டீம் எதுன்னு. அந்த சண்டைல யார் லிஸ்ட் போட்டாலும் 2001 மயாமி ஹரிகேன்ஸ் பேர் வராம இருக்காது. 12 மேட்ச், பன்னெண்டும் வெற்றி, மொத்தம் அடிச்சது 512 பாயிண்ட், விட்டுக்குடுத்தது வெறும் 117. அதுவும் லாரி கோக்கர்னு ஒருத்தர் ஹெட் கோச் நாற்காலில உக்காந்த முதல் வருஷத்துலயே. கேக்க அவ்வளவு நல்லா இருக்குற கதைங்கிறதாலயே இதப்பத்தி பேசுற நிறைய பேர் எங்கயாவது ஒரு இடத்துல வழுக்கி விழுந்துடுறாங்க. ஃபுட்பால்னா இங்க கால்ல உதைக்கிற ஆட்டம் இல்ல, ஹெல்மெட் போட்டு முட்டிக்கிற ஆட்டம், அதையும் இப்பவே சொல்லி வச்சிடுறேன்.

எல்லாரும் பண்ற முதல் தப்பு, புதுசா வந்தவர் வந்த வேகத்துல டீமை தூக்கி நிறுத்திட்டார்னு எழுதுறது. இல்லங்க. டீம் ஏற்கனவே எழுந்து நின்னு ஒரு வருஷம் ஆச்சு. 1995 கடைசில காலேஜ் விளையாட்டுக்கு ரூல் போடுற அமைப்பான என்சிஏஏ மயாமிக்கு தண்டனை குடுத்து ஸ்காலர்ஷிப்ப எல்லாம் வெட்டிவிட்டப்ப புட்ச் டேவிஸ் கோச்சா வந்து முழுசா ஒரு வருஷம் கூட ஆகல, 1997ல டீம் 5 வெற்றி 6 தோல்வின்னு படுத்தே போச்சு. அங்க இருந்து ஒவ்வொரு பையனா பொறுக்கி எடுத்து அவர் கட்டுனது தான் இந்த டீம். 2000 சீசன்ல 11 வெற்றி ஒரே ஒரு தோல்வி. ஃப்ளோரிடா ஸ்டேட்ட 27-24னு ஜெயிச்சும், கம்ப்யூட்டர் கணக்கு எல்லாம் கூட்டிக் கழிச்சு ஃபைனலுக்கு மயாமிய விட்டுட்டு அந்த ஃப்ளோரிடா ஸ்டேட்டையே அனுப்பிட்டாங்க, அவங்க போய் ஓக்லஹோமாகிட்ட 13-2ன்னு தோத்துட்டு வந்தாங்க. அந்த வயித்தெரிச்சலோட தான் மயாமி பசங்க 2001க்குள்ள நுழையுறாங்க. டிஃபென்ஸ்ல, அதாவது எதிரணிய தடுக்குற பக்கத்துல, ஆடுன எட் ரீட் மாதிரி ஆளுங்க என்எஃப்எல் (அமெரிக்க புரொஃபெஷனல் லீக்) காசு கண்ணு முன்னாடி இருந்தும் இன்னொரு வருஷம் இருந்துட்டுப் போறோம்னு நின்னதுக்கு இதுவும் ஒரு காரணம்.

சரி அப்ப கோக்கர் சும்மா வந்து உக்காந்தவர், இது புட்ச் டேவிஸ் டீம், யார் கோச்சா இருந்தாலும் ஜெயிச்சிருக்கும்னு சொல்றது தான் ரெண்டாவது தப்பு, என்னைக் கேட்டா முதல் தப்ப விட இது மோசம், ஏன்னா இத சொல்றவங்க தங்களுக்கு விஷயம் தெரியும்னு நினைச்சுக்கிட்டே சொல்றாங்க. நடந்தது என்னன்னு பாருங்க. 2001 ஜனவரி கடைசி, ஸ்கூல் பசங்க எந்த காலேஜுக்குப் போறோம்னு கையெழுத்து போடுற நாளுக்கு சில நாள் தான் பாக்கி, அந்த நேரம் பாத்து புட்ச் டேவிஸ் கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ்ங்கிற என்எஃப்எல் டீமுக்கு கிளம்பிப் போயிட்டார். அத்லெடிக் டைரக்டர் பால் டீ வெளியில ஆள் தேடுறாரு, விஸ்கான்சின் கோச் பாரி ஆல்வரெஸ் பேர் எல்லாம் அடிபடுது. டீம் பசங்க நேரா டீகிட்ட போய் எங்களுக்கு வெளி ஆள் வேண்டாம், கோக்கர போடுங்கன்னு கேட்டாங்க. பிப்ரவரி 3ம் தேதி கோக்கர் ஹெட் கோச்.

அந்த கோக்கர் யாரு? ஓக்லஹோமால ஓகீமான்னு ஒரு சின்ன ஊர்க்காரர், வயசு 52, ஸ்கூல் கோச்சா ஆரம்பிச்சு ஒவ்வொரு காலேஜா அசிஸ்டென்ட் வேலை பாத்து, 1995ல இருந்து மயாமில அஃபென்ஸ, அதாவது பந்த வச்சு பாயிண்ட் எடுக்குற பக்கத்த, பாத்துக்கிட்டு இருந்தவர். 1988ல பாரி சாண்டர்ஸ் ஓக்லஹோமா ஸ்டேட்ல ஓடி ஓடி ரெக்கார்டா உடைச்சாரே, அந்த டீமுக்கும் அஃபென்ஸ் கோஆர்டினேட்டர் இவர் தான். ஆனா ஒரு காலேஜுக்கு ஹெட் கோச்சா ஒரு நாள் கூட இருந்தது இல்ல.

இப்ப நீங்க அந்த இடத்துல இருந்தா என்ன பண்ணுவீங்க? வாழ்க்கைல முதல் தடவை பெரிய நாற்காலி கிடைச்சவன் பொதுவா என்ன பண்ணுவான், எல்லாத்தையும் மாத்துவான். புது ப்ளேபுக், புது ரூல், தனக்கு வேண்டிய நாலு பேரு, ஒரு பிரஸ் மீட்ல கலாச்சாரத்தையே மாத்தப்போறேன்னு ஒரு டயலாக். கோக்கர் அத பண்ணல. சிஸ்டம் அப்படியே இருந்துச்சு, சீனியர் பசங்க டீம நடத்துனாங்க, இவர் வழி விட்டார். கோயில் தேருக்கு முட்டுக்கட்டை போடுறவர் மாதிரின்னு வச்சுக்கோங்க, இழுக்குறது வடம் புடிச்ச ஊரு தான், ஆனா திருப்பத்துல கட்டைய எங்க எப்ப சொருகணும்னு தெரியாத ஆள் நின்னா தேர் தெருமுனைல இருக்குற வீட்டுக்குள்ள போயிடும்.

அந்த திருப்பம் நிஜமாவே இருந்துச்சு. டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர் கிரெக் ஷியானோ அதுக்கு முன்னாடியே ரட்கர்ஸுக்கு ஹெட் கோச்சா போயிட்டார், அந்த இடத்துக்கு ராண்டி ஷானன் வந்தார். (செப்டம்பர்ல அந்த ரட்கர்ஸ மயாமி 61-0ன்னு அடிச்சது, பாவம் ஷியானோ, அவர் வளத்த டிஃபென்ஸே அவருக்கு ஒரு பாயிண்ட் கூட குடுக்கல.) அப்புறம் அந்த பிப்ரவரில கையெழுத்து போட்ட பசங்க யார் யாருன்னு பாருங்க, ஃபிராங்க் கோர், ஷான் டெய்லர், ஆன்ட்ரல் ரோல், வின்ஸ் வில்ஃபோர்க், கெலன் வின்ஸ்லோ. கூப்பிட்ட கோச்சே ஓடிப்போன வாரத்துல இந்த பசங்க வேற எங்கயாவது போயிருந்தா யாரும் குத்தம் சொல்லியிருக்க முடியாது. முகம் தெரிஞ்ச ஆள் நாற்காலில உக்காந்ததால வீடு கலையல. இத 'ஒண்ணுமே பண்ணல'ன்னு சொன்னா எப்படி?

அடுத்து ஸ்கோர்கார்டு மட்டும் பாத்துட்டு பேசுற தப்பு. பென் ஸ்டேட் ஊர்லயே போய் 33-7, ஃப்ளோரிடா ஸ்டேட் ஊர்லயே போய் 49-27 (அந்த ஊர்ல வருஷக்கணக்கா யாரும் அவங்கள ஜெயிச்சதே இல்ல), டெம்பிள் 38-0, சிரகியூஸ் 59-0. இதெல்லாம் வரிசையா படிச்சா ஏதோ தூங்கிக்கிட்டே ஜெயிச்ச மாதிரி தெரியும். வாஷிங்டன் மேட்ச் செப்டம்பர் 15ல நடக்க வேண்டியது, 11ம் தேதி தாக்குதல் நடந்ததால நவம்பர் 24க்கு தள்ளிப் போச்சு. முந்தின வருஷம் மயாமிய தோக்கடிச்ச ஒரே டீம் அவங்க தான், அவங்கள 65-7ன்னு பொளந்துட்டாங்க. சிரகியூஸும் வாஷிங்டனும் அப்ப ரேங்கிங்ல இருந்த டீம் வேற, அடுத்தடுத்த ரெண்டு மேட்ச்ல சேர்த்து 124-7.

ஆனா இதுக்கு நடுவுல நவம்பர் 10ம் தேதி பாஸ்டன் காலேஜ் மேட்ச்னு ஒண்ணு இருக்கு, அத விட்டுட்டு இந்த சீசன பத்தி பேசவே கூடாது. பந்த எறியுற குவார்ட்டர்பேக் கென் டோர்சிக்கு அன்னிக்கு எதுவுமே ஓடல, நாலு இன்டர்செப்ஷன், அதாவது அவர் எறிஞ்ச பந்த எதிரணி நாலு தடவை புடிச்சது. அஃபென்ஸ் ஒரு டச்டவுன் (பந்த எதிரியோட கடைசிக் கோட்டுக்கு உள்ள கொண்டு போறது) கூட போடல, நாலு ஃபீல்ட் கோல் உதைச்சு 12 பாயிண்ட், அவ்வளவு தான். ஸ்கோர் 12-7. கடைசி நிமிஷத்துக்குள்ள பாஸ்டன் காலேஜ் மயாமியோட 9 யார்டு கோட்டு வரைக்கும் வந்துட்டாங்க, இன்னும் ஒரு பாஸ் உள்ள போனா மொத்த சீசனும் காலி. பாஸ் போடுறாங்க, மைக் ரம்ஃப் கால் முட்டில பட்டு பந்து மேல எகிறுது, டிஃபென்ஸ் லைன்ல ஆடுற மாட் வால்டர்ஸ்னு ஒரு பெரிய உடம்புக்காரர் அத புடிச்சு தட்டுத்தடுமாறி ஓட ஆரம்பிக்கிறார். பின்னாடியே வந்த எட் ரீட் தன் சொந்த டீம் ஆள் கையில இருந்தே பந்த புடுங்கிட்டு 80 யார்டு ஓடி டச்டவுன் போட்டுட்டார். 18-7. பேப்பர்ல பாத்தா பதினோரு பாயிண்ட் வித்தியாசம், சுலபமான வெற்றி! டிசம்பர் 1ம் தேதி வர்ஜீனியா டெக் ஊர்லயும் இதே கதை தான், 26-10ன்னு முன்னாடி இருந்து, 26-18 ஆகி, மயாமியோட பன்ட் (பந்த தூரமா உதைச்சு எதிரிக்கு விடுறது) ப்ளாக் ஆகி டச்டவுன் போய் 26-24 ஆகி, சமன் பண்ற ரெண்டு பாயிண்ட் பாஸ் வர்ஜீனியா டெக் ஆள் கையில பட்டு நழுவுச்சு. அதுக்கப்புறமும் ஒரு இன்டர்செப்ஷன் எடுத்து முடிச்சு வச்சது மறுபடி எட் ரீட். ரெண்டு பந்து வேற பக்கம் எகிறியிருந்தா இந்தக் கட்டுரையே இல்ல, அதனால 'யாராலயும் தொட முடியாத டீம்'னு எழுதுறவங்கள பாத்தா எனக்கு இவங்க மேட்ச் பாத்தாங்களா இல்லயான்னு தான் தோணும்.

38 பேர்ங்கிற நம்பர் வச்சு அடிக்கிற கூத்து தனி. அந்த ரோஸ்டர்ல இருந்து 38 பேர் என்எஃப்எல் டிராஃப்ட்ல (டீம்கள் காலேஜ் பசங்கள ரவுண்டு ரவுண்டா தேர்ந்தெடுக்குறது) போனாங்க, அதுல 17 பேர் முதல் ரவுண்டு, இது உண்மை, இதுக்குப் பக்கத்துல வர்ற டீம தேடித்தான் பாக்கணும். ஆனா 38 பேரும் ஒண்ணா களத்துல நின்ன மாதிரி பேசக்கூடாது. இது பல வருஷ டிராஃப்ட்ட சேர்த்த கணக்கு. 2002 ஏப்ரல்ல முதல் ரவுண்டுல போனது அஞ்சு பேர்: பிரயன்ட் மெக்கின்னி, ஜெரமி ஷாக்கி, ஃபிலிப் புக்கானன், எட் ரீட், மைக் ரம்ஃப். மத்தவங்க நிறைய பேர் அந்த வருஷம் பெஞ்ச்ல இருந்த சின்னப் பசங்க. பந்த வாங்கிட்டு ஓடுற ரன்னிங் பேக் வரிசைய பாத்தாலே புரியும், ஆடுனது கிளிண்டன் போர்டிஸ், அவருக்குப் பின்னாடி வில்லிஸ் மெகேஹி, அதே வரிசைல முதல் வருஷ பையன் ஃபிராங்க் கோர். பின்னாடி என்எஃப்எல்ல 16,000 யார்டு ஓடி சரித்திரத்துலயே மூணாவது இடத்துல போய் உக்காந்த அதே கோர் தான், அன்னிக்கு தன் முறைக்கு காத்துக்கிட்டு இருந்தார். அதனால பிராக்டிஸ்ல எதிர்ல நின்னவனே நாளைக்கு என்எஃப்எல் ஆளா இருந்தான்னு வேணும்னா சொல்லுங்க, அது சரி.

ஃபைனல் விஷயத்துக்கு வருவோம். இப்ப இருக்குற பிளேஆஃப் மாதிரி நினைச்சுக்கிட்டு 'செமிஃபைனல்ல யார ஜெயிச்சாங்க'ன்னு கேக்குறவங்க இருக்காங்க. அப்ப அப்படி ஒண்ணு கிடையாது. நாலு டீம் பிளேஆஃப் வந்ததே 2014 சீசன்ல, பன்னெண்டு டீம் ஆனது 2024ல. 2001ல பிசிஎஸ்னு ஒரு முறை, கோச்சுங்களும் பத்திரிகைக்காரங்களும் போடுற ஓட்டு கொஞ்சம் கம்ப்யூட்டர் கொஞ்சம்னு கலந்து ரெண்டே ரெண்டு டீம தேர்ந்தெடுப்பாங்க. அந்த வருஷம் அது பண்ண கூத்து ஊர் சிரிச்சது. நெப்ராஸ்கா கடைசி லீக் மேட்ச்ல கொலராடோகிட்ட 62-36ன்னு அடி வாங்கி, சொந்த கான்ஃபரன்ஸ் (சேர்ந்து லீக் ஆடுற காலேஜ்களோட குழு) பட்டம் கூட ஜெயிக்காம, ஃபைனலுக்கு வந்துட்டாங்க. ரெண்டு ஓட்டெடுப்புலயும் ரெண்டாவது இடத்துல இருந்த ஓரெகான் வெளிய. ஓரெகான் போய் ஃபியஸ்டா பவுல்ல அதே கொலராடோவ 38-16ன்னு ஜெயிச்சு காமிச்சாங்க. இந்த ரகளைக்கு அப்புறம் தான் கம்ப்யூட்டர் கணக்குல இருந்து எத்தன பாயிண்ட் வித்தியாசத்துல ஜெயிச்சாங்கங்கிறத எடுத்தே விட்டாங்க.

2002 ஜனவரி 3, பாசடீனா ரோஸ் பவுல், பாதி ஆட்டத்துல 34-0, முடியும்போது 37-14. இத வச்சு 'மயாமி சொத்த டீம தான் ஜெயிச்சாங்க'ன்னு ஒரு கோஷ்டி பேசும். எதிர்ல யார நிறுத்துறதுன்னு முடிவு பண்ணது மயாமி இல்லயே. ஓரெகான் வந்திருந்தா நல்ல ஆட்டமா இருந்திருக்கும்னு நானும் நம்புறேன், ஆனா அந்தக் கோபத்த காட்ட வேண்டிய இடம் பிசிஎஸ்.

சின்னச் சின்ன தப்பு ரெண்டு, வேகமா சொல்லிடுறேன். ஃபைனல் நடந்தது 2002ல, ஆனாலும் சீசன் பேர் 2001 தான், இத மாத்தி எழுதுனா அடுத்த வருஷ டீமோட குழம்பிடும், அந்த டீம் ஃபைனல்ல ஓஹாயோ ஸ்டேட்கிட்ட ரெண்டு ஓவர்டைம் போய் 31-24ன்னு தோத்தது. அப்புறம் மயாமி அப்ப ஏசிசிங்கிற கான்ஃபரன்ஸ்ல இல்ல, பிக் ஈஸ்ட் கான்ஃபரன்ஸ்ல இருந்துச்சு, மாறுனது 2004ல தான்.

கடைசியா, முடிவ வச்சு ஆரம்பத்த அளக்குற தப்பு. கோக்கர 2006 நவம்பர்ல வேலைய விட்டு தூக்கிட்டாங்க. அதனால 2001ல அவர் அதிர்ஷ்டத்துல ஜெயிச்சார்னு ஒரு லாஜிக். ஆறு வருஷத்துல 60 வெற்றி 15 தோல்வி, முதல் 24 மேட்ச்சும் வரிசையா வெற்றி, இந்த கணக்கு வச்சிருக்குற எத்தன பேர் இருக்காங்க? ஆனா வருஷா வருஷம் தோல்வி கூடிக்கிட்டே போனதும் உண்மை தான், 2001ல ஒண்ணுமில்ல, அப்புறம் 1, 2, 3, 3, 6. ரீட் மாதிரி டீமுக்குள்ளயே அதட்டி வேலை வாங்குற சீனியர்கள் ஒவ்வொருத்தரா போனதுக்கப்புறம், வழி விட்டு நிக்கிறதே கோச்சிங்னு இருந்த ஆளுக்கு அது பத்தல. ஒரே குணம், 2001ல சரியான மருந்து, 2006ல போதாத மருந்து, ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பிக்க வேண்டாம். அதுக்கப்புறம் அவர் டெக்சாஸ் சான் ஆன்டோனியோ யூனிவர்சிட்டில டீமே இல்லாத இடத்துல புதுசா ஒரு டீம ஆரம்பிச்சு 2011ல களத்துல இறக்கினார், மயாமி கதை பேசுறவங்க இத சொல்றதே இல்ல.

புதுசா இந்த சீசன பாக்கணும்னு கிளம்புறவங்களும் நேரா ரோஸ் பவுல் வீடியோவுக்கு தான் போறாங்க, பாதியிலயே 34-0, அதுல என்ன இருக்கு பாக்க. முதல்ல பாஸ்டன் காலேஜ் மேட்ச் பாருங்க, அடுத்து வர்ஜீனியா டெக். நேரம் மிச்சம் இருந்தா வாஷிங்டன்.