வீட்டு சோப்பு பளிச்சுனு வெள்ளையா வரணுமா? டைட்டானியத்தை இப்படி கலக்குங்க

வீட்ல கோல்ட் பிராசஸ் சோப்பு (அடுப்புல காய்ச்சாம, எண்ணெயையும் காஸ்டிக் சோடா கரைச்ச தண்ணியையும் கலந்து செய்யறது) பண்றவங்க புலம்பல் பெரும்பாலும் ஒண்ணுதான், சோப்பு நல்லாத்தான் நுரைக்குது ஆனா கலர் மட்டும் பழைய வேட்டி மாதிரி பழுப்பா இருக்குன்னு. அதுக்குத்தான் டைட்டானியம் டை ஆக்ஸைடு, கடையில சும்மா டைட்டானியம்னு கேட்டாலே குடுத்துடுவாங்க. நான் முதல் தடவை வாங்கினப்போ பொடியை அப்படியே கலவையில கொட்டி கிண்டிட்டேன், ரெண்டாம் நாள் வெட்டிப் பார்த்தா உள்ள பூரா வெள்ளைப் புள்ளி, என் நாத்தனார் கையில எடுத்துப் பார்த்துட்டு "என்ன அண்ணி, ரவை போட்டிருக்கீங்களா?"ன்னு கேட்டா. பொடி மேல தப்பே இல்ல, நான் கலக்கின விதம்தான் தப்பு.

ஏன்னா இது சாயம் மாதிரி கரையற சாமானே இல்ல. தண்ணியிலயும் கரையாது எண்ணெயிலயும் கரையாது, தனித்தனி துகளா பிரிஞ்சு நின்னு வெளிச்சத்தை சிதறடிக்கும், அதைத்தான் நாம வெள்ளைன்னு பாக்கறோம். கல்கண்டு கண்ணாடி மாதிரி இருக்கு, இடிச்சா வெள்ளைப் பொடி, அதே கதைதான். சரி அப்போ சாக்பீஸ் தூளே போதுமேன்னு தோணும். சுண்ணாம்பு அடிச்ச சுவரை ஈரமா இருக்கும்போது பாத்திருக்கீங்களா, பழைய கறையெல்லாம் அப்படியே தெரியும், காஞ்சாத்தான் மறைக்கும். சுண்ணாம்புத் தூளோட ஒளிவிலகல் எண் (வெளிச்சத்தை எவ்ளோ வளைக்குதுங்கற கணக்கு) 1.6 பக்கம், எண்ணெய்க்கு 1.47 பக்கம், ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாததால எண்ணெய்க்குள்ள போனா காணாமப் போயிடும். டைட்டானியத்துல ரூட்டைல் வகைக்கு 2.7, வைரத்துக்கே 2.4தான். அதனாலதான் சோப்பு, பெயிண்ட்னு எதுக்குள்ள போட்டாலும் பின்னாடி இருக்கறதை மறைச்சுடுது.

இன்னொண்ணு துகளோட சைஸ். 0.2லேர்ந்து 0.3 மைக்ரான், அதாவது கண்ணுக்குத் தெரியற வெளிச்சத்தோட அலைநீளத்துல சுமார் பாதி, அந்த சைஸ்லதான் சிதறல் உச்சத்துல இருக்கும். கம்பெனிக்காரன் அவ்ளோ கஷ்டப்பட்டு அந்த சைஸுக்கு கொண்டு வந்து குடுக்கறான், நாம கட்டி கட்டியா விட்டா நூறு துகள் சேர்ந்து ஒரே பெரிய துகள் மாதிரிதான் வேலை செய்யும். அதனால 10 கிராமை அரைகுறையா கலக்கறதுக்கு 5 கிராமை ஒழுங்கா பிரிச்சு விட்டா அதைவிட வெள்ளையா வரும்.

வாங்கும்போது காஸ்மெடிக் கிரேடுன்னு கேட்டு வாங்குங்க, லேபிள்ல சிஐ 77891ன்னு (கலர் இண்டெக்ஸ் நம்பர்) போட்டிருக்கும். பெயிண்ட் கடை பொடி விலை கம்மிதான், ஆனா அதுல ஈயம் மாதிரி உலோகம் எவ்ளோ இருக்குன்னு தோலுக்குப் போடற கணக்குல டெஸ்ட் பண்ணியிருக்க மாட்டாங்க, வேண்டாம். ரூட்டைல், அனடேஸ்னு ரெண்டு வகை இருக்கு. அனடேஸ் வெயில்ல பக்கத்துல இருக்கற பெயிண்டை அரிச்சு மாவு மாதிரி உதிர வெச்சுடும்னு வெளிச்சுவர் பெயிண்டுக்கு பூச்சு கொடுத்த ரூட்டைல்தான் போடுவாங்க, பாத்ரூம்ல இருக்கற சோப்புக்கு எதுவா இருந்தாலும் ஓகே. (இதோட மூலப்பொருள் இல்மனைட், கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரையில இருக்கற கருமணல். அந்தக் கருப்பு மண்ணுலேர்ந்து இவ்ளோ வெள்ளையா ஒரு பொடி வருதுங்கறதை இப்பவும் நம்ப முடியல.)

வாங்கினதும் முதல் வேலை, ஒரு சிட்டிகையை தண்ணியிலயும் இன்னொரு சிட்டிகையை எண்ணெயிலயும் போட்டு கலக்கிப் பாருங்க. எதுல கட்டியில்லாம பால் மாதிரி ஒரே சீரா பரவுதோ அதுலதான் கலக்கணும், துகள் மேல கொடுத்திருக்கற பூச்சைப் பொறுத்து மாறும். கடைக்காரர் சொல்றதை நம்பாதீங்க, பாதிப் பேருக்குத் தெரியாது.

அளவு: 1 கிலோ எண்ணெய்க்கு 5 கிராம்ல ஆரம்பிங்க, 10 தாண்ட வேண்டாம். பொடி எடுக்கும்போது மாஸ்க் போட்டுக்கோங்க, ஃபேன் ஆஃப் பண்ணிடுங்க, தூசி மூச்சுல போகக் கூடாது. 5 கிராம் பொடிக்கு ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய், அதை உங்க ரெசிபி எண்ணெயிலேர்ந்தே எடுங்க, தனியா சேர்த்தா கணக்கு மாறிடும். தண்ணி வகைன்னா காஸ்டிக் சோடா போடறதுக்கு முன்னாடியே ரெசிபி தண்ணியில கொஞ்சம் எடுத்து வெச்சுக்கோங்க. (காஸ்டிக்கை தண்ணியில போடணும், தண்ணியை காஸ்டிக்ல ஊத்தக் கூடாது, தெரியும்தான் இருந்தாலும் சொல்லிடறேன்.) சின்ன கப்ல போட்டு, காபி நுரைக்க வைக்கற பேட்டரி விஸ்க் இருக்குமே, அதால ரெண்டு மூணு நிமிஷம் அடிங்க. அப்புறம் ஒரு சொட்டை வெள்ளைத் தட்டு மேல இல்லாம கருப்பு தட்டு மேல தேச்சுப் பாருங்க, வெள்ளைத் தட்டுல ஒண்ணும் தெரியாது, நான் ரொம்ப நாள் அந்தக் கூத்துதான் பண்ணிட்டு இருந்தேன். புள்ளி தெரிஞ்சா இன்னும் அடிங்க, இல்லன்னா மெல்லிசு வடிகட்டியில விடுங்க. சோப்புக் கலவை லேசா கஞ்சி பதத்துக்கு வந்ததும் இதை ஊத்தி பிளெண்டரை ஒரு சுத்து ஓட்டினா போதும்.

வெட்டினப்புறம் சோப்புக்குள்ள கண்ணாடி மாதிரி நரம்பு ஓடுச்சுன்னா பயப்படாதீங்க, கிளிசரின் ரிவர்னு சொல்வாங்க, சோப்பு ஜெல் ஆகற அளவுக்கு சூடானதால வர்றது, டைட்டானியம் போட்ட சோப்புல பளிச்சுனு தெரியும். பாக்கத்தான் ஒரு மாதிரி இருக்கும், குளிக்கலாம். அடுத்த தடவை தண்ணியைக் குறைங்க, எண்ணெயை அவ்ளோ சூடு பண்ணாதீங்க, அச்சை துணி போட்டு மூடாதீங்க. வெனிலா வாசனை போட்டிருந்தா எவ்ளோ டைட்டானியம் போட்டாலும் பழுப்பாகும், அதுல காசை கரைக்காதீங்க. ஆலிவ் ஆயிலோட மஞ்சள் லேசா மிச்சம் இருந்தா அல்ட்ராமரைன் ப்ளூ ஊசிமுனை அளவு, வெள்ளைத் துணிக்கு நீலம் போடற அதே டெக்னிக்தான், ஆனா துணிக்குப் போடற சொட்டு நீலத்தையே ஊத்திடாதீங்க ப்ளீஸ்.

மீதிப் பொடி இருக்கேன்னு கேக் ஐசிங்ல போடற ஐடியா இருந்தா விட்டுடுங்க, ஐரோப்பாவுல உணவுல இதை 2022லயே தடை பண்ணிட்டாங்க. க்ரீம்ல கலந்து வீட்லயே சன்ஸ்கிரீன் பண்றதும் வேண்டாம், தோல்ல சமமா பரவுதா எவ்ளோ காக்குதுன்னு வீட்ல டெஸ்ட் பண்ணவே முடியாது. அப்புறம் சோப்பு விக்கறவங்க சிலர் டைட்டானியம் போட்டிருக்கு முகம் வெள்ளையாகும்னு எழுதறாங்க, வெள்ளையாகறது சோப்பு மட்டும்தான், கழுவினா பொடியும் நுரையோட சாக்கடைக்குப் போயிடும்.