பழைய பெரிய ரிவால்வர் கையில் கிடைத்தால்

கோத்தகிரிப் பக்கம் பழைய எஸ்டேட் பங்களா ஏதாவது கைமாறும்போது பீரோவின் அடித்தட்டிலோ டிரங்குப் பெட்டியிலோ ஒரு தோல் உறை கிடைக்கும், அதற்குள் எடுத்தவுடன் மணிக்கட்டு கீழே இறங்குகிற கனத்தில் ஒரு ரிவால்வர் இருக்கும். முக்கால்வாசி நேரம் அது வெப்லி, பழைய பிரிட்டிஷ் ராணுவ ரகம். உடனே எனக்குப் போன் வரும், "அண்ணா, இது எவ்வளவு போகும்?" என்று. நான் திருப்பிக் கேட்பது இரண்டே கேள்வி: உள்ளே தோட்டா இருக்கிறதா, லைசென்ஸ் யார் பேரில் இருக்கிறது?

இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் பதில் "தாத்தா பேரில்", தாத்தா போய்ப் பத்து வருடம் ஆகியிருக்கும். லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால் ஆயுதத்தைத் தாமதமில்லாமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்பது 1959 ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு. வாரிசு பேருக்கு மாற்ற மனுப் போடுவதெல்லாம் அதற்கு அப்புறம். அதைப் பையில் சுற்றி பஸ்ஸில் கொண்டுபோகாதீர்கள். முதலில் ஸ்டேஷனுக்குப் போன் செய்து சொல்லுங்கள், ஒப்படைத்ததும் ரசீது வாங்குங்கள், அதில் துப்பாக்கியில் பொறித்திருக்கும் தொழிற்சாலை எண் சரியாக எழுதியிருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் ஏமாற வேண்டாம். .455 (ராணுவ வெப்லியின் தோட்டா இதுதான்), .380 தோட்டா ஏற்கிற கைத்துப்பாக்கி, ராணுவ 9 மி.மீ., .45 ஏற்கிற கைத்துப்பாக்கி எல்லாம் நம் நாட்டில் தடைசெய்யப்பட்ட ரகம். கலெக்டர் ஆபீஸில் அதற்கு லைசென்ஸ் கிடைக்காது, டெல்லி உள்துறை வரை போக வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு மொத்தமே இரண்டு துப்பாக்கிதான், முன்பு மூன்று இருந்தது, வாரிசாக வந்தாலும் அந்த இரண்டுக்குள்தான் அடங்க வேண்டும். சட்டப்படி பழம்பொருள் என்று ஆகிவிட்ட ஆயுதத்தை லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் எடுத்துச் செல்லவும் சுடவும் லைசென்ஸ் வேண்டும். அது பழம்பொருள்தான் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளக் கூடாது, எழுத்தில் வாங்குங்கள். ஆகவே இங்கே சேகரிப்பு என்றால் அலமாரி நிறைய அடுக்கி வைப்பது இல்லை. இருக்கிற இரண்டு இடத்துக்கு எது தகும் என்று பார்க்கத் தெரிந்திருப்பதுதான் சேகரிப்பு.

அந்தப் பார்வைக்குக் கொஞ்சம் வரலாறு வேண்டும். பிரிட்டிஷ் ராணுவம் வெப்லி மார்க் 1-ஐ 1887-ல் எடுத்துக்கொண்டது. 1915-ல் வந்த மார்க் 6-க்கு ஆறு அங்குலக் குழல், எடை ஏறக்குறைய 1.1 கிலோ. அமெரிக்காவில் கோல்ட் நியூ சர்வீஸ் 1898-ல் வந்தது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1908-ல் .44 ஸ்பெஷல் என்ற தோட்டாவுக்காகச் செய்த பெரிய உடம்பைத்தான் இன்று என்-ஃபிரேம் என்கிறார்கள், 1935-ல் .357 மேக்னமும் 1955-ல் .44 மேக்னமும் அந்த உடம்பிலேயே வந்தன. நம் கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர் பெரிய ஃபிரேம் இல்லைதான், ஆனால் வெப்லியின் சின்னத் தம்பி, அதே மாதிரி நடுவில் மடங்கித் திறக்கும். நான் வைத்திருப்பது அதுதான்.

சரி, சட்டப்படி கையில் எடுத்துவிட்டீர்கள். குழல்முனை ஆள் இல்லாத பக்கம், விரல் ட்ரிக்கருக்கு வெளியே. வெப்லி என்றால் இடது பக்கம் கட்டைவிரலுக்கு எட்டுகிற நெம்புகோலை அழுத்தினால் குழல் முன்னால் கவிழும், நட்சத்திரம் போன்ற தகடு எழும்பி ஆறு தோட்டாவையும் ஒன்றாகத் தூக்கும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் பக்கத்துக் குமிழை முன்னால் தள்ள வேண்டும், கோல்ட்டில் பின்னால் இழுக்க வேண்டும். ஆறு அறையையும் கண்ணால் பாருங்கள், அப்புறம் சுண்டுவிரலால் தொட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். துருப்பிடித்த வெப்லியில் ஐந்து தோட்டா விழுந்து ஆறாவது உள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்படி ஒட்டியிருந்தால் குச்சியால் இடிக்காமல் ஆயுதக் கடைக்காரரை வரச்சொல்லுங்கள்.

காலி என்று உறுதியானதும் சோதனை. ஹேமரை, அதாவது பின்னாலிருக்கும் சுத்தியலை, மெதுவாக, மிக மெதுவாகப் பின்னால் இழுங்கள், இன்னொரு விரலை சிலிண்டர் (ஆறு அறையும் உள்ள உருளை) மேல் லேசாக உரசவிடுங்கள். ஹேமர் முழுதாக நிற்பதற்கு முன்பே, கடைசியில் ஹேமரோடு சேர்ந்தாவது, சிலிண்டர் 'டக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஹேமர் நின்ற பிறகும் சிலிண்டரை விரலால் தள்ளித்தான் பூட்ட வேண்டியிருந்தால் அறையும் குழலும் நேராக நிற்காது, குண்டு ஈயத்தைச் சீவிக்கொண்டு போகும், சீவல் பக்கத்தில் நிற்பவர் கன்னத்தில் தெறிக்கும். ஆறு அறைக்கும் தனித்தனியாக இதைச் செய்யுங்கள், நான்கில் சரியாக இருந்து இரண்டில் பிசகுவது சாதாரணம்.

சிலிண்டர் முகத்துக்கும் குழலின் பின்முனைக்கும் நடுவே உள்ள இடைவெளியை மெக்கானிக் வைத்திருக்கிற ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) சொல்லிவிடும். 0.1 முதல் 0.2 மி.மீ. வரை நல்லது, 0.25-ஐத் தாண்டினால் பேரத்தை நிறுத்துங்கள். வெப்லியில் ஒரு கையில் குழலையும் மறு கையில் பிடியையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள், கீல் ஆடினால் அதைக் காட்சிக்கு மட்டும் வைக்கலாம்.

குழலுக்குள் பார்க்க டார்ச் வேண்டாம், பின்பக்கம் வெள்ளைத் தாளைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் போதும். அம்மைத் தழும்பு மாதிரி பள்ளங்கள் தெரியும். பழைய தோட்டாவின் பிரைமர், அதாவது அடியில் தீப்பொறி தரும் மூடி, விட்டுப்போகும் உப்பு ஈரத்தை இழுக்கும், நம் மலையில் ஈரத்துக்கா பஞ்சம், சுட்ட அன்றைக்கே தண்ணீரில் கழுவாதவர்களின் குழல் எல்லாம் இப்படித்தான் ஆனது. பள்ளம் இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் குழலுக்குள் வளையம் போட்ட மாதிரி ஒரு கரு நிழல் தெரிந்தால் அந்த இடம் உப்பியிருக்கிறது, அதைச் சுடவே கூடாது. வெளிநாட்டில் வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று: அங்கே நிறைய வெப்லிகளின் சிலிண்டர் பின்புறத்தைச் சீவி .45 ஏசிபி என்ற அமெரிக்கப் பிஸ்டல் தோட்டா போடும்படி மாற்றியிருக்கிறார்கள். அந்தத் தோட்டாவின் அழுத்தம் .455-ஐ விட மிக அதிகம், பழைய சிலிண்டர் தாங்காது.

உடம்பு, குழல், சிலிண்டர் மூன்றிலும் ஒரே எண் இருந்தால் மதிப்பு கூடும். அந்த எண்ணையும் முத்திரைகளையும் காப்பாற்றுங்கள். என் .32-ஐ ஒருமுறை சர்வீஸுக்குக் கொடுத்தேன், புதுசு மாதிரி ஆக்குகிறேன் என்று பஃபிங் சக்கரத்தில் பிடித்து, முத்திரையின் ஓரங்களையெல்லாம் சோப்புக்கட்டி மாதிரி மழுக்கித் தந்தார்கள். பளபளப்பு ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை, போன எழுத்து போனதுதான்.

சுடுவதற்கு வருவோம். காட்டில், தேயிலைத் தோட்டத்தில், பாட்டிலை வைத்து, கரடி வந்தது, காட்டுமாடு வந்தது என்று எதுவும் கிடையாது, துப்பாக்கி சுடும் ரேஞ்சில் மட்டும்தான். .32 இருந்தால் 25 மீட்டர் சென்டர் ஃபயர் போட்டி இருக்கிறது: மொத்தம் 60 தோட்டா, பாதி நிதானமாக, பாதி வேகமாக, குழல் 153 மி.மீ.க்கு மேல் கூடாது, ட்ரிக்கர் ஒரு கிலோ எடையாவது தாங்க வேண்டும். பெரிய ரிவால்வர் அனுபவம் எனக்கு டெக்சஸில் அத்தான் வீட்டுக்குப் போனபோது கிடைத்ததுதான். அங்கே .44 மேக்னத்தில் முதல் நாள் எனக்கு .44 ஸ்பெஷல்தான் கொடுத்தார். விட்டம் ஒன்றே, தோட்டாவின் பித்தளைக் கூடு நீளம் குறைவு, உதை பாதி. புதியவர்கள் எல்லோரும் அப்படித்தான் தொடங்க வேண்டும், ஆனால் ஸ்பெஷல் சுட்ட பிறகு அறைக்குள் கரி வளையம் படியும், அதைத் துடைக்காமல் மேக்னம் போட்டால் கூடு சிக்கிக்கொள்ளும்.

பிடியை முடிந்தவரை உயரமாகப் பிடியுங்கள். தாழ்த்திப் பிடித்தால் உதைக்கும்போது குழல் நெம்புகோல் மாதிரி மேலே எழும். இடது கட்டைவிரல் சிலிண்டரின் முன்விளிம்புக்குப் போகவே கூடாது, அந்த 0.2 மி.மீ. இடைவெளியில் வருகிற சூடான வாயு தோலைக் கிழிக்கும். ட்ரிக்கரைக் கிணற்றில் வாளி இழுக்கிற மாதிரி ஒரே சீராக இழுங்கள், எப்போது வெடிக்கும் என்று காத்திருந்தால் கை முன்கூட்டியே குனிந்துவிடும். வீட்டில் டம்மி தோட்டா (மருந்தில்லாத போலித் தோட்டா) போட்டு, குழல் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, அது விழாமல் ட்ரிக்கர் இழுத்துப் பழகுங்கள். பழைய வெப்லியில் டம்மி இல்லாமல் வெறும் ஹேமரை அடிக்காதீர்கள், ஹேமரின் மூக்கு உடையும். காதுக்கும் கண்ணுக்கும் கவசம் கட்டாயம். ட்ரிக்கர் இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் குழலை இலக்கு நோக்கியே முப்பது விநாடி வைத்திருங்கள். வெடித்த சத்தம் மட்டும் சப்பென்று இருந்தால் உடனே நிறுத்துங்கள், குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம்.

இனி எங்கள் ஊர்ப் பிரச்சனை. ஒரு ஐப்பசி முழுக்க ரிவால்வரைத் தோல் உறையிலேயே விட்டிருந்தேன், கார்த்திகையில் எடுத்தால் உறையின் தையல் கோடு அப்படியே துருவாகக் குழல் மேல் பதிந்திருந்தது. தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், பித்தளைத் தோட்டாவில் பச்சைக் களிம்பும் ஏற்றும். உறை ரேஞ்சுக்குப் போக மட்டும். தேங்காய் எண்ணெய் இங்கே பாட்டிலிலேயே உறைகிறது, ரிவால்வருக்குள் போனால் பிசினாகிவிடும். நீலகிரித் தைலம் மூக்குக்கு நல்லது, இரும்பில் நிற்காமல் ஆவியாகிவிடும். தையல் மிஷின் எண்ணெயை மெல்லிய துணியில் தொட்டுப் பூசினால் போதும். பெட்டியில் சிலிக்கா ஜெல் போடுங்கள், நிறம் மாறினால் வாணலியில் வறுத்து மறுபடி போடலாம்.

தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் ஆயுதத்தை ஸ்டேஷனில் வைக்கச் சொல்வார்கள், திரும்பிவர மாதக்கணக்கில் ஆகலாம். கொடுப்பதற்கு முந்தின நாள் கொஞ்சம் தாராளமாகவே எண்ணெய் பூசுங்கள், தோலில் சுற்றாமல் எண்ணெய்த் துணியில் சுற்றுங்கள்.

கோயமுத்தூர் ரேஞ்சிலிருந்து திரும்பும் நாளில்தான் அதிகம் துரு பிடிக்கிறது. கீழே சூட்டில் மூடிய பெட்டிக்குள் அந்தக் காற்றே அடைபட்டிருக்கும், கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கோத்தகிரி வரும்போது குளிர்ந்து இரும்பு மேல் வியர்த்துவிடும். எவ்வளவு அலுப்பாக இருந்தாலும், சோப்புப் போட்டுக் கையிலிருக்கும் ஈயத்தைக் கழுவிவிட்டு, டீ குடிப்பதற்கு முன்பே பெட்டியைத் திறந்து துடைத்து, புதிதாக எண்ணெய் தொட்டு வைத்துவிடுங்கள்.