ஆபீஸ் கணினியிலும் வீட்டு லேப்டாப்பிலும் ஒரே ப்ராஜெக்ட்: கிட் வழியாகச் செய்வது எப்படி?

பகலில் ஆபீஸில் எழுதிய நிரலை இரவு வீட்டில் தொடர வேண்டும். இதற்காக ப்ராஜெக்ட் ஃபோல்டரை அப்படியே கூகுள் டிரைவிலோ டிராப்பாக்ஸிலோ போடுகிறவர்கள் நிறைய. தயவுசெய்து வேண்டாம். சாதாரண ஆவணங்களுக்கு அவை அருமை. ஆனால் நிரல் ஃபோல்டரில் ஒன்றை ஒன்று நம்பியிருக்கும் சின்னச் சின்னக் கோப்புகள் ஏராளம். பாதி மட்டும் ஏறியிருக்கும்போது இன்னொரு கணினியைத் திறந்தால் எது புதியது, எது பழையது என்றே தெரியாது.

இதற்குச் சரியான கருவி கிட் (Git). நிரலில் செய்யும் மாற்றங்களை வரலாறாகப் பதிந்துவைக்கும் மென்பொருள் இது. 2005-ல் லினக்ஸ் கெர்னல் வேலைக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கியது. உலகம் முழுக்க இருப்பவர்களின் மாற்றங்களைச் சேர்க்கும் கருவிக்கு நம்முடைய இரண்டு கணினி எம்மாத்திரம்!

படி 1. இரண்டிலும் கிட்டை நிறுவுங்கள். கிட் ப்ராஜெக்ட்களை இணையத்தில் வைக்கும் தளமான கிட்ஹப்பில் ஒரு பிரைவேட் ரெப்போ (மற்றவர்கள் பார்க்க முடியாத ப்ராஜெக்ட் சேமிப்பிடம்) தொடங்குங்கள். ரீட்மீ (அறிமுகக் கோப்பு) எதுவும் சேர்க்காமல் காலியாக இருக்கட்டும். கம்பெனி நிரல் என்றால் முதலில் அனுமதி கேளுங்கள்.

படி 2. இதில் அவசரப்படாதீர்கள். எதையெல்லாம் அனுப்பக் கூடாது என்பதை முதல் கமிட்டுக்கு (மாற்றங்களைக் கிட்டில் பதிவுசெய்வது) முன்பே கிட்இக்னோர் (.gitignore) கோப்பில் எழுதிவிட வேண்டும். நோட் மாட்யூல்ஸ், பைத்தானின் வெர்ச்சுவல் என்விரான்மென்ட் போன்ற, நிறுவிய பேக்கேஜ்கள் இருக்கும் ஃபோல்டர்களை அந்தந்தக் கணினியிலேயே மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம். பாஸ்வேர்டும் ஏபிஐ கீயும் (வெளிச் சேவைகளுக்கான ரகசியக் குறியீடு) இருக்கும் என்வ் (.env) கோப்பு கண்டிப்பாகப் போகக் கூடாது. ஒருமுறை கமிட் ஆகிவிட்டால், பிறகு அழித்தாலும் பழைய வரலாற்றில் அப்படியே இருக்கும். என்வ் கோப்பில் இருப்பதைப் பாஸ்வேர்டு மேனேஜர் வழியாகத் தனியே கொண்டுபோங்கள்.

படி 3. ஆபீஸ் கணினியில் டெர்மினலைத் திறந்து ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குப் போய் கிட் இனிட் (git init), கிட் ஆட் (git add), கிட் கமிட் (git commit) ஆகிய கட்டளைகளைக் கொடுங்கள். பிறகு ரெப்போவை இணைத்து புஷ் செய்வதற்கான (கமிட்களைக் கிட்ஹப்புக்கு அனுப்புவது) கட்டளைகள் கிட்ஹப்பின் காலி ரெப்போ பக்கத்திலேயே இருக்கும். காப்பி செய்து ஒட்டினால் போதும். டெர்மினலில் கிட்ஹப் பாஸ்வேர்டு செல்லாது, 2021 ஆகஸ்டிலேயே நிறுத்திவிட்டார்கள். பாஸ்வேர்டுக்குப் பதில் உங்களை அடையாளம் காட்டும் எஸ்எஸ்எச் கீயோ டோக்கனோ வேண்டும்.

படி 4. லேப்டாப்பில் கிட் க்ளோன் (git clone) கொடுத்து ரெப்போவின் நகலை இறக்குங்கள். தேவையான பேக்கேஜ்களை நிறுவிக்கொள்ளுங்கள்.

படி 5. இனி தினசரிப் பழக்கம்: உட்கார்ந்ததும் கிட் புல் (கிட்ஹப்பில் இருக்கும் புதிய மாற்றங்களை இறக்குவது), எழுந்திருக்கும் முன் ஆட், கமிட், புஷ். வேலை பாதியில் நிற்கிறதே என்று தயங்க வேண்டாம். தனி பிராஞ்சில் (முதன்மை நிரலைத் தொடாத தனிக் கிளை) "பாதி வேலை" என்று எழுதியே கமிட் செய்யலாம்.

சரி, ஆபீஸில் புஷ் செய்ய மறந்துவிட்டு, வீட்டில் வேறு மாற்றம் செய்து அனுப்பியும்விட்டீர்கள். மறுநாள் ஆபீஸில் இருப்பதை முதலில் கமிட் செய்துவிட்டு, ரீபேஸ் என்ற தெரிவோடு கிட் புல் (git pull --rebase) கொடுங்கள். வீட்டிலிருந்து அனுப்பியதன் மேல் ஆபீஸ் மாற்றங்களை அது அடுக்கும். ஒரே வரியை இரண்டு இடத்திலும் மாற்றியிருந்தால் கிட் அந்த இடத்தை அடையாளமிட்டு நிறுத்தும். வேண்டியதை வைத்து, கிட் போட்ட அடையாளக் குறிகளை நீக்கி, மறுபடி ஆட் செய்து ரீபேஸைத் தொடருங்கள் (git rebase --continue). அப்புறம் புஷ். எரிச்சலில் ஃபோர்ஸ் புஷ் (ரெப்போவில் இருப்பதை வலுக்கட்டாயமாக மாற்றி எழுதுவது) மட்டும் கொடுத்துவிடாதீர்கள். முந்தைய இரவு வீட்டிலிருந்து அனுப்பிய வேலை ரெப்போவிலிருந்து போய்விடும்.