பாஸ்கெட்பால்ல டீம் ஸ்டார ஆரம்பத்துலயே ஆட விடாம, பெஞ்சுலருந்து எறக்குறது எப்படி?

மொதல்ல அந்தப் பையன்கிட்ட தனியா பேசுங்க. மேட்ச் அன்னைக்கு லிஸ்ட்ட பாத்து அவனா தெரிஞ்சுக்கக் கூடாது. அண்ணாநகர்ல எங்க டீமுக்கு நான் அந்தத் தப்பப் பண்ணேன், ஷூ லேஸ் கட்டிட்டு இருந்தவன் கை அப்படியே நின்னுடுச்சு, அந்த மூஞ்சி இன்னும் மறக்கல.

NBAல ஆடுன அர்ஜென்டினா ஸ்டார் மனு ஜினோபிலி பத்தி அவன்கிட்ட சொல்லுங்க. சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் டீம்ல முக்காவாசி பெஞ்சுலருந்துதான் வருவாரு, 2008ல பெஞ்சுலருந்து வர்ற பெஸ்ட் ப்ளேயருக்குக் குடுக்குற சிக்ஸ்த் மேன் அவார்டே வாங்குனாரு, ஆனா மேட்ச் டைட்டா போனா கடைசி நிமிஷத்துல கோர்ட்டுல நிப்பாரு. யாரு முடிக்கிறாங்கன்றதுதாங்க மேட்டரு.

எப்ப எறக்கணும்? 10 நிமிஷ குவார்ட்டர்ல அஞ்சாறு நிமிஷம் ஓடுனதும் எதிர் டீம் மெயின் ஆளுங்களுக்கு மூச்சு வாங்கும், ரெண்டாவது செட்ட உள்ள விடுவாங்க, அப்ப உங்க ஆளு ஃப்ரெஷ்ஷா போனா ஆட்டமே மாறிடும், அதுவும் சென்னை மே மாச வெயில்ல ஓப்பன் கோர்ட்னா சொல்லவே வேணாம். சீக்கிரமே ரெண்டு ஃபவுல் வாங்கிட்டு உக்கார்ற தொல்லையும் கம்மி. ஆனா சும்மா உக்காந்தா உடம்பு ஆறிடும், சைடுல ஸ்ட்ரெச் பண்ணிட்டே இருக்கச் சொல்லுங்க.

பந்த எதிர் டீம் பக்கம் கொண்டு போக வேற ஆளே இல்லனா மட்டும் இத ட்ரை பண்ணாதீங்க, ஆரம்பத்துலயே 15 பாயிண்ட் விட்டுட்டா அவன் வந்து என்னதான் பண்ணுவான்.