பீரோவில் அந்துருண்டை போடுகிறீர்களா?

பட்டுப் புடவைகளுக்கு நடுவே நாம் போட்டு வைக்கும் வெள்ளை அந்துருண்டை பெரும்பாலும் நாஃப்தலீன் என்னும் வேதிப்பொருள்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2002-ல் இதைப் ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்னும் 2பி பிரிவில் சேர்த்தது. முக்கியமாக விலங்குச் சோதனைகளை வைத்துச் சொன்னது என்பதால் பதற வேண்டாம். ஆனால் உருண்டை நாளுக்கு நாள் சிறுத்துப்போகிறதே, அது எங்கே போகிறது? ஆவியாகி நம் மூச்சில்தான் கலக்கிறது. அதனால் படுக்கையறை பீரோவில் வேண்டவே வேண்டாம். குழந்தைத் துணிகளோடு கண்டிப்பாக வைக்காதீர்கள். ஜி6பிடி குறைபாடுள்ள (இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள) பச்சைக் குழந்தைக்கு அந்த ஆவியால் இரத்தச் சிவப்பணுக்களே சிதைந்துவிடலாம்.

துணிகளைத் துவைத்து ஈரமில்லாமல் உலர்த்துங்கள், பட்டு என்றால் நிழலில். அப்புறம் காய்ந்த வேப்பிலையை மெல்லிய துணியில் முடிந்து அடுக்குகளுக்கு இடையே வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இலையை மாற்றிவிடுங்கள்.