ஜீப்ல சிபி ஆன்டெனா மாட்டறீங்களா, கிரவுண்ட மறந்துடாதீங்க

அமெரிக்காவுல யூட்டா மாநிலத்து மோவாப் பக்கம் டிரெயில் (கரடுமுரடான பாதை) ஓட்டப்போறவங்களுக்கு ஒரு சின்ன டிப். சிபின்னா வண்டிக்கு வண்டி பேசிக்கிற ரேடியோ. ரேடியோ எவ்ளோ காசு குடுத்து வாங்கினாலும் ஏஎம் முறையில அனுப்பற சக்தி 4 வாட்ஸ்தான், அதுக்கு மேல சட்டப்படி கிடையாது, அதனால ரேஞ்ச் வர்றது போறது எல்லாமே ஆன்டெனா கையிலதான் இருக்கு. 27 மெகாஹெர்ட்ஸுக்கு கால் அலைநீளம்னா கிட்டத்தட்ட 9 அடி, அத வச்சுக்கிட்டு மரக்கிளைக்கு நடுவுல போக முடியாது, அதனால 4 அடி ஃபைபர்கிளாஸ் ஆன்டெனா போதும், அடியில ஒரு ஸ்பிரிங் போட்டுடுங்க, கிளை இடிச்சா வளைஞ்சு நிமிரும்.

ஜீப் ராங்ளரோட ஹார்ட் டாப் (கெட்டியான கூரை) ஃபைபர்கிளாஸ், அதுல காந்த மவுண்ட் ஒட்டவே ஒட்டாது. ஸ்டெப்னி பக்கத்துல பிராக்கெட் போடறதுதான் வழக்கம், ஆனா முனை ஸ்டெப்னிக்கு மேல நல்லா தூக்கி நிக்கணும். நான் முதல்தடவ பெயிண்ட சுரண்டாம அப்படியே போல்ட்ட முறுக்கிட்டேன், பிராக்கெட் வண்டி இரும்பத் தொடல, அதாவது கிரவுண்ட் கிடைக்கல, எஸ்டபிள்யூஆர் (அனுப்பற சக்தி ஆன்டெனாவுல இருந்து எவ்ளோ திரும்பி வருதுன்னு காட்டற அளவு) 3-க்கு மேல, ஒரு சாயங்காலம் பூரா கேபிள திட்டிக்கிட்டு இருந்தேன்! உப்புத்தாள் போட்டு பளபளன்னு இரும்பு தெரியறவரைக்கும் தேய்ச்சதும் சரியாச்சு.

எஸ்டபிள்யூஆர் மீட்டர்ல 1, 19, 40 மூணு சேனலும் பாருங்க, கதவெல்லாம் மூடிட்டு, சுவர் எதுவும் இல்லாத வெளில. 1-ல அதிகமா காட்டினா ஆன்டெனா குட்டை, 40-ல அதிகம்னா நீளம், நுனி ஸ்க்ரூவ கொஞ்சம் கொஞ்சமா திருகுங்க. 1.5-க்கு கீழ வந்தா சூப்பர், 2 வரைக்கும் ஓட்டிக்கலாம். ஆன்டெனா மாட்டாம மைக் பட்டன மட்டும் அமுக்கிடாதீங்க, ரேடியோ புகைஞ்சுடும்.